அரை மணி நேரமும் ஒரு சாய்கோடும்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சோதிடர், சில ஆண்டுகளுக்கு முன், தம் கணினியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லி என்னை அழைத்திருந்தார். சிறு வணிகர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் இப்படிப்பட்ட அழைப்புகள் எனக்கு வருவதுண்டு. நான் போனபோது அவருடைய மேசையில் ஒரே மனிதருக்குக் கணிக்கப்பட்ட இரண்டு ஜாதகங்கள் இருந்தன. ஒன்று, 1970களில் கையால் எழுதப்பட்டு, ஓரங்களில் மஞ்சள் தடவிய பழைய தாள். மற்றொன்று, அன்று காலையில் கணினி அச்சிட்டுக் கொடுத்தது. பிறந்த நாளும் நேரமும் ஊரும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் பிறந்த வேளையில் கிழக்கில் உதிக்கிற ராசியாகிய லக்னம், தாளில் கன்னி, கணினியில் சிம்மம். “தம்பி, இந்தப் பையனோட அப்பா நாளைக்குப் பொருத்தம் பார்க்க வர்றார். நான் எதை எடுத்துக்கிறது?” என்று அவர் கேட்டார்.

கணினியில் பழுது ஏதும் இல்லை. பிழை, நேரத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கையில் இருந்தது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; அந்த மென்பொருளை எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் 1981ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் ஏழரை மணி நேரமே முந்தி ஓடின. சபா, சரவாக் நேரத்தோடு நாடு முழுவதும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக, அன்றிரவு பதினொன்றரை மணிக்கு எல்லாக் கடிகாரங்களும் பன்னிரண்டுக்கு நகர்த்தப்பட்டன. அந்த அரை மணி நேரத்தில் தீபகற்பத்தில் ஒரு குழந்தையும் பிறந்ததாகப் பதிவு இருக்க முடியாது.

சோதிடத்தில் ஒருவருக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு, கணக்கு கணக்குதான். லக்னம் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. அரை மணி நேரம் பிசகினால் ஏழரை பாகை பிசகும். ஒரு ராசிக்கு முப்பது பாகை என்பதால், 1982க்கு முன் இங்கே பிறந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தில் ஓடின. 1943இல் பிறந்த ஒரு தாத்தாவின் ஜாதகத்தை இதே மென்பொருளில் போட்டால் பிழை ஒரு மணி நேரமாகி, எதிர்த்திசையில் போகும்.

இவ்வளவு பெரிய பிழை எப்படிப் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அரை மணி நேரத்தில் சந்திரன் கால் பாகைதான் நகர்கிறது. அதனால் ராசியும் நட்சத்திரமும் பெரும்பாலும் சரியாகவே வரும். வருகிறவர்கள் முதலில் கேட்பது நட்சத்திரத்தைத்தான். அது சரியாக இருந்துவிட்டால் மற்றதும் சரி என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய தாளைத் தூக்கி எறியாமல் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட அந்தப் பெரியவர் ஒருவர்தான், நான் பார்த்த வரையில், அந்த மென்பொருளை உண்மையிலேயே சோதித்தவர்.

இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். மென்பொருள் கடையில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நிரல் வரிகளில் இருப்பதில்லை என்பதே என் அனுபவம். அந்த ஊர் மக்கள் நாள்தோறும் செய்துவருகிற, பழகிப் பழகிக் கேட்டாலும் சொல்லத் தோன்றாத ஏதோ ஒன்றை, எழுதியவர் பார்க்காமல் விட்டிருப்பார். வெளியூர்க்காரர்தான் அப்படி விடுவார் என்று எண்ணிவிட வேண்டாம். நானே விட்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிக் கொடுத்தேன். இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்ததும், அது நோயாளியின் பெயரிலேயே ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். மலாய்க்கார நோயாளிகளுக்கும் சீன நோயாளிகளுக்கும் அது ஒழுங்காக வேலை செய்தது. தமிழர்களின் அறிக்கைகள் மட்டும் சேமிக்கப்படவில்லை. நம் அடையாள அட்டைகளில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். மலாயில் ‘அனாக் லெலாக்கி’ மகனையும், ‘அனாக் பெரெம்புவான்’ மகளையும் குறிக்கின்றன. அந்த எழுத்துகளுக்கு இடையில் நிற்கிற சாய்கோடு கணினிக்கு வேறு பொருள் உடையது. ஒரு கோப்புறை முடிந்து அடுத்த கோப்புறை தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே கோப்பின் பெயருக்குள் அதை இடம்பெற விடாது. என் சொந்த அடையாள அட்டையிலேயே அந்தச் சாய்கோடு இருக்கிறது. ஆனால் சோதனைக்காக நான் தட்டச்சிட்ட பெயர்கள் எல்லாம் ஒற்றைச் சொல் பெயர்கள். அவசரத்தில் எழுதிய அந்தப் பத்துப் பெயர்களில் என் பெயர்கூட முழுமையாக இல்லை.

எனக்கு இது தெரிய வந்தது நான்கு மாதங்களுக்குப் பிறகு. பதிவு மேசையில் இருந்த தங்கச்சி யாரிடமும் குறை சொல்லவில்லை. சாய்கோட்டை எடுத்துவிட்டு ‘ஏஎல்’ என்று சேர்த்து எழுதிப் பார்த்தாள், சேமித்தது, அப்படியே தொடர்ந்தாள். மாலை வேளைக்கு வந்த மற்றொருத்தி இடைவெளி விட்டு எழுதினாள். மூன்றாமவள் அதை முழுவதுமாக விட்டுவிட்டாள். ஒரே பாட்டிக்கு மூன்று பதிவுகள் உண்டாயின. அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, அந்த மூன்றில் ஒன்றில் மட்டும் இருந்தது. மருத்துவர் அவரை நெடுநாளாக அறிந்தவராக இருந்ததால் தீங்கு ஏதும் நேரவில்லை. இருந்தாலும், அந்தத் திரையை நான் பார்த்த நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று முதல் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். மென்பொருளை ஒப்படைத்த இரண்டாவது வாரம், பயன்படுத்துகிறவர்களின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒன்றும் பேசாமல் அரை நாள் உட்கார்ந்துவிடுவேன். “ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற மறுமொழிதான் வரும், ஏனென்றால் பிரச்சினையை அவர்கள் ஏற்கனவே தங்கள் வழியில் சமாளித்திருப்பார்கள். திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் துண்டுத் தாள், மேசையில் தனியாக இருக்கும் ஒரு கணக்குப் பொறி, ஒரு பெட்டியை நிரப்புவதற்காகவே இடப்படும் பொய்யான சுழியங்கள் ஆகிய இவைதாம் நான் தேடிப் போகிற விடைகள். கிளினிக் மென்பொருளில் கோப்புகளுக்கு எண்களையே பெயராக்கி, மனிதர்களின் பெயரை அட்டையில் உள்ளபடியே, சாய்கோட்டோடு, ஒரே பெட்டியில் வைத்தேன். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டாயப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்தப் பெட்டி இருந்தால் தந்தையின் பெயர் அதற்குள் போய் விழும். பிறகு ஒரு பெண்ணை வாழ்நாள் முழுவதும் அவளுடைய தந்தையின் பெயரைச் சொல்லியே ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள்.

பண விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. இரண்டு வெள்ளி 98 காசு விலையுள்ள பொருளை மூன்று வாங்கினால் எட்டு வெள்ளி 94 காசு. ரொக்கத்துக்கு அது எட்டு வெள்ளி 95 காசாகும். ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே சரிசெய்து கூட்டுகிற நிரலோ ஒன்பது வெள்ளி கேட்கும். ஐந்து காசு சிறியது என்று தோன்றலாம். ஆனால் அட்டையில் கட்டுகிறவருக்குச் சரிசெய்தலே கிடையாது என்பதையும் மறந்துவிட்டால், இரவில் கல்லாப்பெட்டிக் கணக்கு எந்த நாளும் ஒத்துப்போகாது, கல்லாவில் இருந்த பையன்மேல் சந்தேகம் விழும். ஒரு மளிகைக் கடையில் அப்படி ஒரு பையன் வேலையை விட்டே போயிருக்கிறான்.

வரி விகிதத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பொருள் சேவை வரி 2015 ஏப்ரலில் 6 விழுக்காடாக வந்தது, 2018 ஜூன் முதல் நாள் சுழியமானது, அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. விகிதத்தை நாளோடு இணைத்து ஒரே இடத்தில் எழுதியிருந்தவர்கள் ஒரு மாலைப் பொழுதில் மாற்றினார்கள். மே மாதம் வாங்கிய பொருளை ஜூன் மாதம் திருப்பிக் கொடுத்தவருக்கு எந்த விகிதத்தில் பணம் திரும்ப வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சிக்கலாக இல்லை.

கடைசியாக, மூன்று ஐந்து புத்தகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம் உங்களில் பலருடைய வீட்டுக்கும் பழக்கமானதுதான். கடையில் கடன் எழுதி வாங்கிய தலைமுறைக்கு அதை விளக்கத் தேவையில்லை. பினாங்கில் ஒரு மளிகைக் கடை அண்ணனுக்காக அந்தப் புத்தகத்தைக் கைப்பேசிக்கு மாற்றினேன். ஒவ்வொரு கடனுக்கும் மாதத்தின் முதல் நாளைக் கெடுவாக வைத்து, கெடு தாண்டியதும் வாடிக்கையாளருக்குத் தானாகவே ஒரு நினைவூட்டுச் செய்தி போகும்படி செய்திருந்தேன். அதை அந்த மென்பொருளின் சிறப்பு அம்சமாகவே அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

இரண்டு மாதத்தில், அந்தக் கடைக்குப் பதினைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஓர் அக்கா வரவில்லை. விசாரித்தபோது, “இத்தனை வருஷத்துல உன் வாயால ஒரு வார்த்தை கேட்டதில்லையேப்பா, மெஷினை விட்டுக் கேட்டுட்டியே” என்று சொல்லி அழுதிருக்கிறார். கெடு நாளும் தவறு: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தால் போதும், அந்தத் தெருவில் பலருக்கும் அன்றுதான் பணம் கைக்கு வரும். முதல் தேதியில் பணம் கேட்பது, இல்லாத பணத்தைக் கேட்பதாகும். பழைய புத்தகத்தை அப்போதுதான் நான் முதல்முறையாகப் பொறுமையாகப் புரட்டினேன். சில பக்கங்களில் தொகைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருக்கிறார், கேட்கக் கூடாது என்பதற்கு அடையாளமாம். சில பக்கங்களில் பிள்ளைகள் வாங்கிய ஐஸ் தனியாக எழுதப்பட்டு, அம்மாவின் கணக்கில் சேர்க்கப்படாமலே அடிக்கப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டு வணிகம் அந்தப் புள்ளிகளாலும் அந்த அடித்தல்களாலும்தான் நடந்திருக்கிறது.

நானும் அண்ணனுமாக அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். நினைவூட்டுச் செய்தி தானாகப் போவதை அன்றே நிறுத்தினேன். கெடு நாள் என்ற பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புள்ளி வைப்பதற்கு ஒரு பொத்தானை வைத்தேன். இப்போது எட்டாம் தேதி காலையில், கடை திறப்பதற்கு முன், அண்ணன் பெயர்ப் பட்டியலை மெதுவாக நகர்த்திப் பார்க்கிறார். சிலருக்கு அவரே செய்தி அனுப்புகிறார், சிலரைத் தாண்டிப் போகிறார். ஏன் தாண்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. காரணம் எழுதுவதற்கான பெட்டி எதையும் அந்தத் திரையில் நான் வைக்கவும் இல்லை.

நன்றி, வணக்கம்.