மோடத்தை அணைத்துப் போட்டால் நெட் வேகம் குறையுமா?

[திரையில்: மோடத்தின் பின்பக்கம். ஒரு விரல் பொத்தானை நோக்கிப் போகிறது.]

"மோடத்தை அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள், லைன் வேகம் இறங்கிவிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "மெதுவாக இருந்தால் ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்" என்பார் கேபிள்காரர். ஈரோட்டில் கேட்டாலும் பொள்ளாச்சியில் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்று நிச்சயம் காதில் விழும். இரண்டுமே உண்மைதான். ஆனால் வெவ்வேறு இணைப்புகளைப் பற்றிய உண்மை.

[திரையில்: பழைய லேண்ட்லைன் செம்புக் கம்பி]

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது செம்புக் கம்பியின் கதை. தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் வந்த காலத்தில், ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற தொழில்நுட்பம் அந்தக் கம்பியின் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையை 512 துண்டுகளாகப் பிரித்துப் பயன்படுத்தியது. மோடத்தைப் போட்டதும், அதுவும் தொலைபேசி நிலையத்துக் கருவியும் ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அளந்து, எதில் எவ்வளவு தரவை ஏற்றலாம் என்று பேசி முடிக்கும். இணைப்பு அறும் வரை பெரும்பாலும் அந்த ஒப்பந்தம்தான். இரவில் தூரத்து வானொலி அலைகளால் இரைச்சல் கூடியிருக்கும் வேளையில் மோடத்தைப் போட்டால், குறைந்த வேகத்தில் இணைந்து, விடிந்த பிறகும் அதே வேகத்தில் நிற்கும்.

இதற்கு மேல் ஒரு கண்காணிப்பாளரும் உண்டு. பிரிட்டனின் செம்புக் கம்பி இணைப்புகளில் ஒரு தானியங்கி மென்பொருள், எந்த லைன் எத்தனை முறை அறுந்து இணைகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அடிக்கடி அறுந்தால் 'இந்த லைன் பலவீனமானது' என்று முடிவுகட்டி, இரைச்சலைத் தாங்குவதற்காக விட்டுவைக்கும், வழக்கமாக 6 டெசிபெல் இருக்கும் பாதுகாப்பு இடைவெளியை 9, 12, 15 என்று ஏற்றும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வேகம் இறங்கும். நீங்கள் சும்மா அணைத்து அணைத்துப் போட்டாலும் அதன் கணக்கில் லைன் பழுதாகத் தெரியக்கூடும். பல மோடங்கள், மின்சாரம் போகும் கணத்தில், உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வைத்து 'எனக்குக் கரண்ட் போய்விட்டது' என்று ஒரு கடைசித் தகவலை அனுப்பிவிட்டுத்தான் அணையும். பழி லைன் மேல் விழாமல் இருக்க ஓரளவு உதவுவது அதுதான். புது இணைப்பு வந்தால் முதல் பத்து நாள் மோடத்தைத் தொடாதீர்கள் என்று இணையத்தில் சுற்றும் அறிவுரை அங்கே பிறந்தது. நம் வீட்டுப் பைபருக்கு அது பொருந்தாது.

[திரையில்: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்புப் பைபர் வயர்]

பைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரே இழை வினாடிக்கு 2.5 கிகாபிட் கீழே கொண்டுவந்து, வழியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வீடுகளிலிருந்து மேலே போகும் ஒளிக்கு முறை உண்டு. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. தன் முறை வரும்போது மட்டும்தான் உங்கள் மோடம் பெட்டி ஒளியை அனுப்பும். அணைத்துப் போட்டால், முறைப் பட்டியலில் மறுபடி பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்கும். சில வினாடி வேலை அது. எத்தனை தடவை அணைத்தீர்கள் என்று வேகத்தைக் குறைக்கும் கணக்கு எதுவும் அங்கே இல்லை.

உங்கள் திட்டத்தின் வேகம் நிறுவனத்தின் சர்வரில், உங்கள் பயனர் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது. மாத அளவு தீர்ந்து வேகம் இறங்கியிருந்தால், பெட்டியை நாள் முழுக்க அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஏறாது.

அப்படியானால் கேபிள்காரர் சொன்னபடி செய்ததும் ஏன் சரியாகிறது? பெரும்பாலும் வைஃபையால். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். திருப்பூரில் ஒட்டி ஒட்டி இருக்கும் லைன் வீடுகளில் இருபது பெட்டிகள் இந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. பல பெட்டிகள் எழும்போதுதான் எந்த சேனல் காலியாக இருக்கிறது என்று பார்க்கின்றன. மலிவான பெட்டிகளில் நினைவகம் நிரம்பி, திணறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நேர்மாறாக, அணைத்துப் போட்டபின் வேகம் குறைவதும் உண்டு. வைஃபையின் வேகமான இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களைத் தொடும் முன், அங்கே ரேடார் இருக்கிறதா என்று பெட்டி ஒரு நிமிடமாவது கேட்டாக வேண்டும். அதற்குள் உங்கள் கைபேசி 2.4-ஐப் பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிடும். கைபேசியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். கணினிக்கு வயர் போட்டிருப்பவர்களுக்கு வேறு தொல்லை. லேன் வயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும், மறுபடி இணையும்போது கிகாபிட்டுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடக்கூடும். வேகச் சோதனை எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே காட்டினால் நிறுவனத்தைத் திட்டும் முன் அந்த வயரை மாற்றிப் பாருங்கள்.

[திரையில்: இன்வெர்ட்டரின் சிறு சுவிட்ச்]

நீங்கள் தொடாமலே பெட்டி அணைந்து எழுகிறதா? முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழட்டும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள் உண்டு. நார்மலில் பேட்டரிக்கு மாறச் சற்று நேரம் பிடிக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, மோடம் செத்துப் பிழைக்கும். மோடத்துக்கென்றே வரும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வாங்கி வைப்பது இதற்கு நல்ல மருந்து. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒளி. தோட்டத்துச் சாளைக்குப் போகும் வயர் தென்னை வரிசை வழியாகத்தான் போகும். மட்டை விழுந்தால் வயர் மடங்கும், அணில் கடித்தால் இழை நசுங்கும். வீட்டுக்குள்ளேயே ஆணியில் இறுக்கமாகச் சுற்றி வைத்தாலும் ஒளி கசியும். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் வலிமை ஏறத்தாழ மைனஸ் 27 டிபிஎம்முக்கு (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கீழே போனால் இணைப்பு தள்ளாடி, சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரியும்போது அணைத்துப் போடுவதில் பயனில்லை. ஆள் வந்துதான் ஒட்ட வேண்டும்.

[திரையில்: மோடத்தின் நிலைப் பக்கம்]

எது குற்றவாளி என்று பெட்டியே சொல்லும். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் பல பெட்டிகளில் நிலைப் பக்கம் திறக்கும். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது, இணைய இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று இரண்டு நேரங்கள் அங்கே இருக்கும். இரண்டுமே சில நிமிடங்கள் என்றால், பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது: அடாப்டரையும் இன்வெர்ட்டரையும் பாருங்கள். பெட்டி பல நாளாக ஓடி, இணைப்பு மட்டும் சற்று முன் தொடங்கியிருந்தால், கோளாறு வயரிலோ நிறுவனத்திடமோ இருக்கிறது. இரண்டும் பல நாளாக ஓடியும் கைபேசியில் மட்டும் படம் நின்று நின்று வந்தால் வைஃபையைப் பாருங்கள். புகார் சொல்ல அழைக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டால் நேரம் இரண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடும், காட்டுவதற்கு எதுவும் இருக்காது.