வெரோனாவின் 43 புள்ளிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1980களின் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் வானொலிப் பெட்டி பேச ஆரம்பித்துவிடும். செரீ ஆ என்கிற முதல்நிலை லீகில் அன்றைய ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். லீக் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு கிடையாது. ராய் என்கிற அரசு வானொலி ஒவ்வொரு மைதானமாக வர்ணனையாளர்களை மாற்றி மாற்றி இணைக்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே புகுந்தால் எங்கோ கோல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கூட டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு வேறு ஊர் ஆட்டத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி வானொலியில் கேட்கப்பட்ட சீசன்களில் ஒன்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்: 1984-85. சாம்பியன் ஹெல்லாஸ் வெரோனா, வட இத்தாலியின் வெரோனா நகரத்து அணி.

அந்த லீகில் அப்போது யார் யார் ஆடினார்கள் என்று கேட்டால்தான் இதன் கனம் புரியும். நாப்போலியில் மரடோனா, அந்தக் கோடையில்தான் உலக சாதனைத் தொகைக்கு பார்சிலோனாவிலிருந்து வந்திருந்தார். யுவென்டுஸில் பிளாட்டினி, போனியெக். உதினேசேயில் ஜிகோ, ரோமாவில் ஃபல்காவோ, ஃபியோரென்டினாவில் சாக்ரடீஸ், டொரினோவில் ஜூனியர், இன்டரில் ரும்மெனிகே. ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் என்ற வரம்பு இருந்ததால் நட்சத்திரங்கள் ஒரே இடத்தில் குவியவில்லை. பதினாறு அணிகளிலும் பரவிக் கிடந்தார்கள். சின்ன ஊர் அணி ஒன்று தலைநிமிர்வதற்கு இந்த வரம்பு முதல் காரணம் என்பது என் கணிப்பு.

வெரோனாவை அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதிசயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பிரித்துப் பார்ப்போம்.

மொத்தம் 30 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி, டிரா என்றால் 1. மூன்று புள்ளி முறை இத்தாலிக்கு 1994-95இல்தான் வந்தது. வெரோனா 15 வென்றது, 13 டிரா செய்தது, இரண்டே இரண்டில் தோற்றது. 43 புள்ளிகள். அடுத்து டொரினோ 39, இன்டர் 38, சம்ப்டோரியா 37. அடித்த கோல் 42, வாங்கியது 19. அதிக கோல் அடித்த அணி வெரோனா இல்லை. யுவென்டுஸ் 48 அடித்தது, பிளாட்டினி மட்டும் 18 அடித்து லீகின் முதல் கோலடிப்பாளர் ஆனார். இருந்தும் யுவென்டுஸ் 36 புள்ளிகளில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவர்கள் வாங்கியது 33.

இத்தாலியர்கள் அந்தக் காலத்தில் இதை இன்னொரு விதமாகவும் எண்ணுவார்கள். அந்தக் கணக்குக்கு ‘ஆங்கில சராசரி’ என்று பெயர். கையில் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த மைதானத்தில் வெற்றி, பூஜ்யம். சொந்த மைதானத்தில் டிரா, கழித்தல் 1. சொந்த மைதானத்தில் தோல்வி, கழித்தல் 2. வெளியூரில் வெற்றி, கூட்டல் 1. வெளியூர் டிரா, பூஜ்யம். வெளியூர்த் தோல்வி, கழித்தல் 1. சொந்த ஊரில் எல்லாவற்றையும் ஜெயித்து, போன இடத்தில் எல்லாம் டிரா செய்கிற அணிதான் இந்தக் கணக்கின் அளவுகோல். 30 ஆட்டத்துக்கு அது 45 புள்ளி. அதோடு ஒப்பிட்டு எத்தனை மேலே, எத்தனை கீழே என்று பார்ப்பார்கள். சீசன் நடுவில் ஓர் அணி கூடுதலாக வீட்டு ஆட்டம் ஆடியிருக்கும், இன்னோர் அணி கூடுதலாக வெளியூர் ஆட்டம் ஆடியிருக்கும். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், இந்தக் கணக்கு ஏமாற்றாது.

வெரோனாவின் முடிவு கழித்தல் 2. டொரினோ கழித்தல் 6. வெரோனாவின் இரண்டு தோல்விகளில் ஒன்று அவெல்லினோ மைதானத்தில், ஒன்று சொந்த மண்ணில் டொரினோவிடம். அவற்றுக்கே கழித்தல் 3 போய்விட்டது. ஆக மிச்சமுள்ள 28 ஆட்டங்களில் கணக்கு கூட்டல் 1. வெளியூரில் ஜெயித்தவை, வீட்டில் டிராவில் நழுவவிட்டவற்றைவிட ஒன்று அதிகம் என்று பொருள். ஒரு நழுவலுக்கு ஓர் ஈடு என்று மே மாதம் வரை சமாளித்திருக்கிறார்கள். மூன்று புள்ளி முறையில் போட்டுப் பார்த்தாலும் 58 வருகிறது, அப்போதும் முதலிடம் அவர்களுக்குத்தான். ‘டிரா ஆடியே பட்டம் வாங்கினார்கள்’ என்கிறவர்களுக்கு இது போதும்.

இனி ஆட்கள். பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பன்யோலி, மிலானின் பொவிசா பகுதியில் பிறந்தவர், அதிகம் பேசாதவர். 1981இல் இரண்டாம் நிலை லீகில் இருந்த வெரோனாவுக்கு வந்து, 1982இல் மேலே ஏற்றினார். ஏறிய முதல் ஆண்டே நான்காம் இடம். 1983, 1984 இரண்டு ஆண்டும் இத்தாலியக் கோப்பை இறுதிவரை போய்த் தோற்றார்கள். எனவே 1984 செப்டம்பரில் வெரோனா திடீரென்று முளைத்த அணி கிடையாது. மூன்று ஆண்டாக ஒரே கையில் பழகிய அணி.

அவர் சேர்த்த ஆட்களைப் பாருங்கள், பெரிய அணிகள் வேண்டாமென்று விட்டவர்கள்தான் பாதிப் பேர். வலது ஓரத்தில் பியெத்ரோ ஃபன்னா, யுவென்டுஸில் பட்டங்கள் வென்ற அணியில் இருந்தும் நிலையான இடம் கிடைக்காதவர். முன்களத்தில் ஜுசெப்பே கால்தெரீசி, அவரும் யுவென்டுஸ் பிள்ளை, குள்ளம், அந்த சீசனில் 11 கோல். பந்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்தோனியோ டி ஜென்னாரோ ஃபியோரென்டினாவில் வளர்ந்தவர். கேப்டன் ரோபெர்த்தோ த்ரிச்செல்லா இன்டரில் உருவானவர். கோல்கீப்பர் கிளாவுடியோ கரெல்லா லாட்சியோவில் இருந்த காலத்தில் பந்தை நழுவவிட்டுப் பெயர் கெட்டவர். கையைவிடக் காலால் தடுத்ததே அதிகமோ என்று தோன்றும்படி ஒரு பாணி. பார்க்க அழகாக இருக்காது, பந்து மட்டும் உள்ளே போகாது.

அந்தக் கோடையில் வெளிநாட்டு இடங்கள் இரண்டையும் மாற்றினார்கள். பழைய ஆட்கள், போலந்தின் ஷ்முடாவும் ஸ்காட்லாந்தின் ஜோ ஜோர்டனும், போனார்கள். ஜெர்மனியின் கைசர்ஸ்லாவுட்டர்னிலிருந்து ஹான்ஸ்-பீட்டர் பிரீகல், பெல்ஜியத்தின் லோக்கரெனிலிருந்து டேன்மார்க்காரர் பிரெபென் எல்கியேர் வந்தார்கள்.

ஆட்ட அமைப்பு அந்நாளைய இத்தாலிய வார்ப்புதான், ‘கலப்பு மண்டலம்’ என்பார்கள். எதிரணி முன்கள வீரர்களை ஆளுக்கு ஆள் பிடிக்க ஃபெர்ரோனி, ஃபொந்தோலான். அவர்களுக்குப் பின்னால் யாரையும் பிடிக்காமல், தவறி வருவதைத் துடைக்க லிபெரோவாக த்ரிச்செல்லா. இடது பின்களத்தில் மரங்கோன், பேருக்குத்தான் தடுப்பாட்டக்காரர், ஓடுவதெல்லாம் முன்னால். அவர் விட்டுப்போன இடத்தை அடைக்க நடுக்களத்தில் வொல்பாத்தி, பிரீகல். இந்த அமைப்பு எங்கே உடையும் என்றால், மரங்கோன் மேலே போனபின் பந்து பறிபோகும் அந்த மூன்று நான்கு நொடிகளில். இடது பக்கம் திறந்து கிடக்கும். அதை அடைக்க ஓட்டமும் உடம்பும் உள்ள ஆள் வேண்டும். இளவயதில் டெகாத்லான் எனும் பத்துப் போட்டித் தடகள வீரராக இருந்த பிரீகலை வாங்கியதன் அர்த்தம் அதுதான். அடைத்தது மட்டுமா, நடுக்களத்திலிருந்து ஓடிவந்து 9 கோலும் அடித்தார். எல்கியேர் 8.

முதல் ஆட்டம் செப்டம்பர் 16, வெரோனாவின் சொந்த பென்தெகோடி மைதானம், எதிரே நாப்போலி. மரடோனாவின் முதல் செரீ ஆ ஆட்டம். ஊர் முழுக்க அவரைப் பார்க்க வந்திருந்தது. பன்யோலி பிரீகலை அவர்மேல் விட்டார். ஒட்டிக்கொண்டே திரிந்த பிரீகல், சீசனின் முதல் கோலையும் போட்டார். முடிவு 3-1.

அக்டோபர் 14, யுவென்டுஸ். கால்தெரீசி தன் பழைய அணிமீது தலையால் ஒன்று போட்டு 1-0. ஆட்டம் முடியும் நேரம் நெருங்குகிறது. எல்கியேர் இடது ஓரத்தில் பந்தோடு கிளம்புகிறார். யுவென்டுஸின் ஸ்டெஃபனோ பியோலி சறுக்கி விழுந்து காலை நீட்டுகிறார். பந்து கிடைக்கவில்லை, எல்கியேரின் வலது ஷூ கழன்று கிடக்கிறது. அவர் நிற்கவில்லை. உள்ளே வெட்டித் திரும்பி, வெறும் காலுறையோடு இருந்த அதே வலது காலால் அடிக்கிறார். 2-0. ‘செருப்பில்லாத கோல்’ என்று இன்றும் வெரோனாவில் சொன்னால் போதும், வருடம் சொல்ல வேண்டியதில்லை. விதியில் ஏதும் சிக்கல் உண்டா என்று நேயர்கள் கேட்கக்கூடும். இன்றைய விதிப்படி, ஷூ தற்செயலாகக் கழன்றால் பந்து அடுத்து எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை ஆடலாம், அதற்குள் கோல் அடித்தால் செல்லும். அன்றும் நடுவர் கோல் கொடுத்தார். ஷூவைத் தட்டிவிட்ட அந்த இளைஞர் பியோலி, பிற்பாடு வெரோனாவுக்கே ஆடினார். பயிற்சியாளராக 2022இல் மிலானுக்குப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார்.

நடுவர் என்றதும் இந்த சீசனின் பெரிய சர்ச்சைக்கு வந்துவிட்டோம். இந்த சீசனுக்கு முன்பு எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை ஒரு பொறுப்பாளர் முடிவு செய்வார். 1984-85இல் மட்டும் முழுக்க முழுக்கக் குலுக்கல் சீட்டு. பெரிய அணிக்குப் பிடித்த நடுவர், பெரிய ஆட்டத்துக்குப் பழகிய நடுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த ஆண்டே குலுக்கலைத் தூக்கிவிட்டார்கள், பட்டம் யுவென்டுஸுக்குப் போனது. அவ்வளவுதான், ‘குலுக்கல் இருந்த ஒரே ஆண்டு சின்ன அணி ஜெயித்தது’ என்ற வரி இத்தாலியக் கடைத்தெருப் பேச்சில் நிலைத்துவிட்டது. முழுக்கத் தள்ளிவிட முடியாது. சந்தேகமான நொடியில் பெரிய சட்டைக்குச் சாதகமாகக் கை உயரும் பழக்கம் குலுக்கலால் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் குலுக்கல் பதினாறு அணிக்கும் பொது. 30 ஆட்டத்தில் 19 கோல் மட்டும் வாங்குவது எப்படி என்பதை எந்தச் சீட்டும் சொல்லித்தராது.

அந்த 19ஐயும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அவெல்லினோவிடம் 2-1 தோல்வி, சீசனின் முதல் தோல்வியே அதுதான். டொரினோவிடம் வீட்டில் 2-1. பிப்ரவரியில் உதினேசேயின் ஊரான உதினேவில் ஒரு கிறுக்கு ஆட்டம்: 3-0 என்று முன்னால் இருந்து, 3-3 ஆக்கவிட்டு, பிறகு 5-3 என்று வென்றார்கள். பட்டம் உறுதியான பின் கடைசி நாளில் அவெல்லினோமீது 4-2. இந்த நான்கு ஆட்டத்தில் வாங்கியது மட்டும் 9. மற்ற 26 ஆட்டத்தில் பத்தே பத்து! கோல்கீப்பருக்குப் பின்னோக்கி பாஸ் கொடுத்து அவர் கையில் எடுக்கலாம் என்ற பழைய விதியும் இதற்கு உதவியது, 1992இல்தான் அது தடை செய்யப்பட்டது. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி த்ரிச்செல்லாவிடமிருந்து கரெல்லாவிடம் பந்தை அனுப்பி மூச்சு வாங்கிக்கொள்ளும். எதிரணி ரசிகர்களுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை.

மே 12, பெர்காமோ. இரண்டு ஆட்டம் மிச்சம், ஒரு புள்ளி போதும். அதலாந்தா முதல் பாதியில் கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் எல்கியேர் சமன் செய்தார். 1-1. ஒரே தொகுப்பு லீகாக 1929இல் செரீ ஆ தொடங்கிய பிறகு, மாநிலத் தலைநகராக இல்லாத ஊருக்குப் பட்டம் போனது இது ஒன்றுதான். வெனெட்டோவின் தலைநகரம் வெனிஸ், வெரோனா இல்லை. பிரீகல் அந்த ஆண்டு ஜெர்மனியின் சிறந்த கால்பந்து வீரர் ஆனார், வெளிநாட்டில் ஆடிக்கொண்டே அதை வாங்கிய முதல் ஆள். எல்கியேர், ஆண்டின் சிறந்த வீரருக்கான ஐரோப்பியத் தங்கப் பந்து வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்து வந்தார்.

பட்டம் வாங்கிய கையோடு அணி கலைய ஆரம்பித்தது. ஃபன்னாவும் மரங்கோனும் இன்டருக்குப் போனார்கள். வலது ஓரம், இடது ஓரம் இரண்டும் ஒரே கோடையில் காலி. நாட்டு சாம்பியன் அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்கத்தின் பாவோக் அணியை வென்றபின் வாய்த்தது யுவென்டுஸ். 1985 மே மாதம் யுவென்டுஸ் ஆடிய ஐரோப்பியக் கோப்பை இறுதியின்போது பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த துயரத்துக்கான தண்டனையால், யுவென்டுஸின் ஊரான தூரினில் ஆட்டம் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. பிளாட்டினி பெனால்டி ஒன்று, செரேனா ஒன்று, 2-0, வெரோனா வெளியே. 1990இல் லீகிலிருந்தும் கீழே இறங்கியது. கரெல்லா போன இடம் நாப்போலி. முதல் நாள் தன் கோலைக் குறிவைத்த மரடோனாவோடு சேர்ந்து 1987இல் நாப்போலியின் முதல் பட்டத்தையும் அவர் வாங்கினார். காலாலேயே தடுத்துக்கொண்டு.

வணக்கம்.