ட்ரில்லுக்கு ஒன்றுமில்லை, பேட்டரிதான் போய்விட்டது

வணக்கம் நேயர்களே. நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். வயரில்லாத ட்ரில்லைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ட்ரில்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது லேசில் சாகாது. முதலில் சாவது அதன் அடியில் மாட்டியிருக்கும் பேட்டரிதான்.

எங்கள் புளோக்கில் நாலாவது மாடி அங்கிள் ஒருநாள் தன் பழைய ட்ரில்லைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, ரெண்டு ஸ்குரூ முடுக்குனா இதுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் பாரு" என்றார். 14.4 வோல்ட், நிக்கல் காட்மியம் பேட்டரி. மூடியைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் 12 செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், தகடு போன்ற நிக்கல் பட்டையால் வரிசையாகப் பற்றவைத்திருந்தார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பதினொன்று பரவாயில்லை. ஒன்று மட்டும் பூஜ்யம். அதன் நுனியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் தூள்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அங்கிளுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. இரண்டு மாதத்தில் அதே பையோடு அதே அங்கிள் வாசலில் நின்றார். தவறு என்னுடையதுதான். புது செல் தெம்பாக ஓடும்போது கிழட்டு செல்கள் முதலில் காலியாகிவிடும். காலியான செல் வழியாக மற்றவை மின்சாரத்தைத் தள்ளும்போது அது தலைகீழாக சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகும். அப்புறம் பன்னிரண்டையும் சேர்த்து மாற்றினேன்.

இப்போது வருவதெல்லாம் லித்தியம். அங்கிளுக்குச் செய்ததை இதில் வீட்டில் செய்யாதீர்கள். 18 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, தொடராக இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 21. பெட்டியில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று போட்டு விற்பதும் இதே ஐந்து செல்தான். 18 வோல்ட்டைவிடப் பலசாலி என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

சார்ஜரில் வைத்ததும் சிவப்பு விளக்கு மினுக்கினால் உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பேட்டரியின் உலோக முனைகளில் பாசி பிடித்த மாதிரி அழுக்கு சேரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். இன்னொரு பேட்டரியை அதே சார்ஜரில் வைத்தும் பாருங்கள். கோளாறு சார்ஜரில்கூட இருக்கலாம்.

அதற்கும் சரிவராவிட்டால், ஒரு செல்லின் வோல்ட் ரொம்ப இறங்கியிருக்கலாம். நல்ல பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, செத்ததை 'எழுப்பிவிடும்' வித்தை ஒன்று நம் ஆட்களிடம் உண்டு. நான் செய்வதில்லை. லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் மறுப்பது அதற்காகத்தான். செல் மாற்றுவதென்றால், நிக்கல் பட்டையை நொடியில் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங் வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள். சாதாரண சால்டரிங் சூடு செல்லுக்கு ஆகாது.

புதிதாக வாங்குகிறீர்களா? இணையத்தில் பாதி விலைக்கு '6.0 ஆம்பியர் அவர்' என்று மின்னும், பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு அது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 18650 எனும் செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் எடை. ஒன்றில் 3.5 ஆம்பியர் அவருக்கு மேல் பிடிப்பது அரிது. ஐந்தைத் தொடராக மாட்டினால் வோல்ட்தான் கூடும், ஆம்பியர் அவர் கூடாது. ஆக, ஆறு என்றால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்து செல் வேண்டும், செல் மட்டுமே அரை கிலோவை நெருங்கும். கையில் இறகு மாதிரி இருந்தால் உள்ளே ஐந்துதான்.

'முழுசா தீர்ந்த பிறகு சார்ஜ் போடு' என்பது நிக்கல் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது கெடுதல். வெயிலில் நிறுத்திய வேனில் விட்டுவைப்பது அதைவிடக் கெடுதல். வேலை முடிந்து கொதிக்கக் கொதிக்க இருப்பதை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

செத்ததைக் குப்பைக் குழாயில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். காட்மியம் நஞ்சு, லித்தியம் நசுங்கினால் தீ. முனைகளில் டேப் ஒட்டுங்கள். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவைத் திரும்பச் சேகரிப்பது இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி நடக்கிறது. சேகரிப்புத் தொட்டியில் எதெல்லாம் போடலாம் என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

அங்கிளின் ட்ரில் இன்னும் ஓடுகிறது. போன வாரம் பேத்தியின் புத்தக அலமாரியை அதை வைத்துத்தான் முடுக்கினாராம். நன்றி, வணக்கம்.