கணியர் என்றால் ஜோசியரா?

வணக்கம் நேயர்களே.

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம், மாடியில் ஓர் அறை. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறோம், பதினான்கு தமிழர்கள். எல்லாம் கம்ப்யூட்டர் பேச்சுதான்: எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய ராம் (கம்ப்யூட்டர் நினைவகம்) வாங்கலாமா என்பதிலிருந்து பைதான் நிரலில் எங்கே பிழை என்பது வரை பேசுவோம். பேச்சுக்குக் குறைவில்லை, குழுவுக்குத்தான் பெயரில்லை. தொட்டில் கட்டியாயிற்று, பெயர் மட்டும் வைக்கவில்லை என்கிற கதை.

முதலில் வந்தது 'கணியர் அவை', கணினிக்காரர்கள் கூடும் இடம் என்ற நினைப்பில். எனக்குப் பிடித்திருந்தது. 'யாதும் ஊரே' பாடியவர் கணியன் பூங்குன்றனார்; பிழைக்க வந்த ஊரில் இருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினோம். அடுத்த ஞாயிறு வீட்டுக்கார அம்மா, மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு மாடியேறி வந்துவிட்டார். "பேத்திக்கு எப்போ கூடிவரும்னு பாருங்க தம்பி."

அவர் மேல் தப்பில்லை. பழந்தமிழில் கணி என்றால் நாள் பார்த்துச் சொல்பவர்தான். கன்னடத்தில் கம்ப்யூட்டரை 'கணகயந்த்ர' என்கிறார்கள். அந்தக் கணக என்ற வடசொல்லுக்கும் ஜோசியர் என்ற பொருள் உண்டு. ஆங்கிலத்திலும் கம்ப்யூட்டர் என்பது முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது, எந்திரம் பிறகு வந்தது. தாளைக் கிழித்துவிட்டோம்.

அப்புறம் 'மின்பேழை'. அழகான பெயர், ஆனால் பெங்களூரில் ழ ஓடாது. கன்னடத்திலும் ஒரு காலத்தில் ழ இருந்தது, வழக்கொழிந்துவிட்டது. நம் மொழியையே 'தமிளு' என்றுதான் எழுதுகிறார்கள். சரி, ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதலாம் என்றால், அலுவலக நண்பர் 'மின்பேஸை' என்று படிக்கிறார்.

அதனால் நானே ஒரு சோதனை வைத்தேன். ஊரிலிருக்கும் அண்ணனுக்கு போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்வேன், அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'கணித்தமிழ்க் கலந்துரையாடல் மன்றம்' என்றேன். "சரிப்பா, சாப்பிட்டியா?" என்றார்.

நீளமான பெயரும் சில பேருக்கு அமைந்துவிடுகிறது. 2000-இல் தொடங்கிய உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தைச் சுருக்கினால் 'உத்தமம்'. எங்களுடையதைச் சுருக்கினால் 'ககம'. காக்கை கரைகிற மாதிரி இல்லை?

இந்த இடத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குப் பெயர் வந்த கதையை நினைத்துக்கொள்வேன். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதியதற்கு 'ஃப்ரீக்ஸ்' என்று வைக்க நினைத்திருந்தார். கோப்புகளை ஏற்றிவைக்க சர்வரில் இடம் கொடுத்தவர் ஆரி லெம்கே. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று அவரே போட்டுவிட்டார். அதுதான் நின்றது.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் வீட்டுக்கார அம்மா. நாங்கள் படியேறும் சத்தம் கேட்டாலே உள்ளே பார்த்துச் சொல்வார்: "மாடிக்காரங்க வந்துட்டாங்க, சாவி எடு."

போன வாரம் அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன். "மாடி" என்றேன். "மாடியா? எந்த மாடி?" என்றார். தேறிவிட்டது! அதே சூட்டில் அலுவலகத்துக் கன்னட நண்பரிடமும் சொன்னேன். கன்னடத்தில் மாடி என்றால் 'செய்யுங்கள்'. அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, "ஏனு மாட்பேகு?" என்றார். என்ன செய்யணும் என்று கேட்கிறார்.