கடலோர கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "விடுமுறைக்கு ஒரு கடலோர கிராமத்தில் பத்து நாள் தங்கினோம். திரும்பி வர மனமே இல்லை. எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான். அங்கேயே குடியேறிவிடலாமா என்று யோசிக்கிறேன். பத்து நாளில் பார்த்த அழகு பத்து மாதம் கழித்தும் இருக்குமா? கடலைப் பார்த்த மாதிரி வீடு எடுக்கலாமா? இல்லை, கையில் இருக்கிற சேமிப்பைப் போட்டு வாங்கியே விடலாமா?"

மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். இப்போதைக்கு வாடகைதான். இரண்டாவதற்கும் கிட்டத்தட்ட அதே பதில்: கடலைப் பார்த்த முதல் வரிசை வீடு வேண்டாம், இரண்டாவது மூன்றாவது வரிசையில் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அழகு இருக்குமா? இருக்கும். ஆனால் பத்து நாளில் நீங்கள் பார்த்தது காட்சி. காட்சி சீக்கிரம் பழகிவிடும். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே கடல் பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமாகக்கூட இருந்தது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. பழகாமல் கடைசி வரை நின்றவை வேறு. காற்று ஒன்று, ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றுவது, இன்னொன்று.

காற்றைப் பற்றிச் சொல்ல ஒரு கொடியும் நாலு துணியும் போதும். வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் நிதானமாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பத்து, பதினொரு மணி வாக்கில் மெதுவாகத் தொடங்கிப் பிற்பகலில் பலமாக வீசும். அப்போது பார்த்தால் கொடியில் இருக்கிற துணி எல்லாம் ஊர்ப் பக்கமாகப் படபடக்கும். இரவில் இது தலைகீழ். நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். விடியற்காலையில் அதே துணி மெதுவாகக் கடல் பக்கம் அசையும். பாய்மரக் காலத்தில் மீனவர்கள் விடியுமுன் கரைக்காற்றோடு வெளியே போய், பகலில் கடற்காற்றோடு திரும்பி வருவதற்கு இந்த மாற்றம்தான் வசதியாக இருந்தது.

இரண்டுக்கும் நடுவில், சூரியன் மறைந்த பிறகு, காற்று செத்துப்போகிற ஒரு நேரம் உண்டு. ஓர் இலை அசையாது. உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். பத்து நாள் தங்கப் போனவர்கள் அந்த நேரத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள், அப்போது கரையில் காலை நனைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருப்பார்கள்! மேகம் மூடிய நாளிலும், பருவக்காற்று பலமாக அடிக்கிற மாதங்களிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஓதம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். இன்று காலை ஆறு மணிக்கு நடக்க அகலமாக மணல் கிடந்தால், ஒரு வாரம் கழித்து அதே ஆறு மணிக்கு அங்கே தண்ணீர் நிற்கும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். ஆறு மாதம் இருந்தீர்கள் என்றால், காலண்டரைப் பார்க்காமலே இன்று பிறை எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல வந்துவிடும். இது எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். வேறெந்த ஊரிலும் நிலாவோடு எனக்கு இவ்வளவு பழக்கம் இருந்ததில்லை.

இன்னொன்று, காற்றே இல்லாத நாளில் பெரிய பெரிய அலை வரும். புதிதாக வந்தவருக்குக் குழப்பமாக இருக்கும். எங்கோ தூரத்தில், சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், அடித்த புயலின் அலை அது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு எண்ணுவதற்குள் அடுத்தது வந்தால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. பன்னிரண்டு, பதினைந்து என்று எண்ண முடிந்தால் அது தொலைவிலிருந்து வருகிறது. இரவில் படுத்துக்கொண்டே எண்ணலாம். தூக்கம் வராதவர்களுக்கு நல்லது.

சரி, இப்போது உப்பு.

நான் முதலில் எடுத்தது முதல் வரிசை வீடு. படுக்கையிலிருந்தே கடல் தெரியும். வீடு பார்க்கப் போன அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஜன்னல் வழியா என்னத்த பாக்குற தம்பி, ஜன்னல் கீலைப் பாரு" என்றார். நான் சிரித்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். நான்காவது மாதம் பயணப் பையை எடுத்தால் ஜிப் வரவில்லை. மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கத்தரிக்கோல் திறக்கவில்லை. ஒரு பழைய பத்திரிகையில் ஸ்டேப்லர் முள் அடித்த இடத்தைச் சுற்றி காவிக்கறை. பூட்டுக்குள் சாவி பாதியில் நின்றது. கடல் தெரிகிற அந்த ஜன்னலையோ எட்டு வாரமாக நான் திறக்கவே இல்லை, திறந்தால் மேஜை மேல் ஈரமாக ஒரு பிசுக்குப் படியும்.

காரணம் இதுதான். அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழி உண்டாகி வெடிக்கிறது. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளை மேலே எறிகிறது. காற்று அவற்றை ஊருக்குள் கொண்டுவருகிறது. கரையில் மிக அதிகம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டரிலேயே பெரிய வித்தியாசம் தெரியும். நடுவில் ஒரு வரிசை வீடும் கொஞ்சம் மரமும் இருந்தால் இன்னும் நல்லது. உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துவிடும். ஆக, மழையே பெய்யாத இரவில்கூட உங்கள் வீட்டு இரும்பு எல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மழையில் நனைகிற கிராதியைவிட, கூரைக்கு அடியில் பத்திரமாக இருக்கிற கிராதிதான் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளியில் இருப்பதை மழை கழுவிவிடுகிறது, உள்ளே இருப்பதைக் கழுவ ஆள் இல்லை. வீடு பார்க்கும்போது வாசல் கேட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாழ்வாரத்துக்கு உள்ளே, மின்விசிறி மாட்டிய கொக்கி, மீட்டர் பெட்டி, கதவுக் கீல், அங்கே பாருங்கள். பெரியவர் சொன்னது அதைத்தான்.

அப்படியே அண்ணாந்து கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். கம்பியின் நீளத்துக்கு நேராக ஒரு விரிசல் ஓடினால், அல்லது ஓரிடத்தில் மட்டும் புதிதாகப் பூசி வெள்ளையடித்திருந்தால், பூச்சு எதை மறைக்கிறது என்று கேளுங்கள். கட்டில் போடுகிற இடத்துக்கு மேலே அப்படி இருந்தால் கேட்கக்கூட வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்க வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். கடலோர வீடு என்பது ஓயாமல் செலவு கேட்கிற வீடு. வாடகைக்கு இருப்பவருக்குக் காற்றும் ஓதமும் முழுசாகக் கிடைக்கிறது, கூரை பெயர்ந்தால் அது வீட்டுக்காரர் கவலை. இவ்வளவு நல்ல பேரம் எனக்குத் தெரிந்து வேறு எதிலும் இல்லை.

ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பேரம். சாதாரணமாக 'சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும். மற்ற ஊரில் அது ஒரு குழாய் வாஷர். கடலோரத்தில் அது கீல், தாழ்ப்பாள், ஸ்விட்ச், மோட்டார், எல்லாமே. உப்பினால் வரும் தேய்மானம் யார் தலையில் என்று தனியாக எழுதி வாங்குங்கள். குடிபுகும் அன்றே ஒவ்வொரு துருவையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை. காலி செய்யும்போது, எனக்கு முன்பே துருப்பிடித்திருந்த கிராதிக்கு என் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். வாக்குவாதம் செய்தேன், ஆதாரம் இல்லை.

காலமும் முக்கியம். சுற்றுலா வருகிற ஊராக இருந்தால், ஆள் வராத மாதங்களில் வாடகை இறங்கும், வீடும் சுலபமாகக் கிடைக்கும். "எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள்" என்பார்கள். சீசன் தொடங்கியதும் நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு வரும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், உங்களைக் கிளம்பச் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முழு வருடத்துக்கு, சீசனையும் சேர்த்து, மாத வாடகை இவ்வளவு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் தயங்கினால் அவர் தேடுவது உங்களை மாதிரி ஆளை இல்லை.

தண்ணீரை ருசி பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடலோரத்தில் மண்ணுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் எடையில் வித்தியாசம் மிகக் கொஞ்சம். அதனால் மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழேயிருந்து உப்புத் தண்ணீர் சுமார் 40 மீட்டர் வரை ஏறிவர வாய்ப்புண்டு என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மழை முடிந்த மாதத்தில் இனிக்கிற கிணறு கோடையில் உவர்க்கும். கோடையில் எப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மரச்சாமான், விலை கூடிய ஆடியோ கருவி எல்லாம் கொண்டுபோக வேண்டாம். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பிப் போகாதீர்கள், வழக்கமாகக் கிடைக்கிற 304 ரகத்தில்கூடக் காவிப்புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் கடற்காற்றில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஜிப்புக்கு மெழுகு தேயுங்கள்.

குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேள்வி கேட்டவர் எழுதவில்லை. இருந்தால் ஒரு விஷயம். வரிசையாக அலை உடைகிற இடத்தில், நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். பார்த்தால் அங்கே இறங்குவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். அப்புறம், தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று வெகுதூரம் பின்வாங்கினாலோ, நிலம் பலமாக அதிர்ந்தாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். வீடு எடுக்கிற அன்றே மேடு எங்கே, நடந்து போக எத்தனை நிமிடம் என்று பார்த்து வைத்துவிடுங்கள்.

கரையில் யாரும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் அது பலருக்கு வேலை செய்கிற இடம். விரித்திருக்கிற வலை மேல் நடப்பதும், படகில் சாய்ந்து போட்டோ எடுப்பதும், வேறொருவர் அலுவலக மேஜை மேல் ஏறி உட்கார்வது மாதிரி. அந்த ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தால் மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். நான் இரண்டாவது வரிசைக்கு மாறிய பிறகு பெரியவரும் நானும் சாயங்காலம் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். கீலைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

கேட்டவருக்கு என் யோசனை: நீங்கள் பார்த்தது ஊரின் நல்ல பத்து நாள். இப்போது ஊரின் மோசமான பருவத்தில், மழையும் காற்றும் இருக்கிற மாதங்களில், இரண்டாவது வரிசையில் ஒரு வீட்டை மூன்று மாதத்துக்கு மட்டும் பேசி எடுங்கள். பிற்பகல் காற்றில் ஒரு தடவை, பௌர்ணமி ஏற்றத்தில் ஒரு தடவை, அந்தக் காற்றில்லாத சாயங்காலத்தில் ஒரு தடவை வீட்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதம் முடிந்தும் திரும்பி வர மனமில்லை என்றால் எழுதுங்கள், ஒரு வருட ஒப்பந்தத்தில் என்னென்ன வரி இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். சரி, அடுத்த கேள்வியை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.