வாசலுக்கு வரும் பூனைகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு வாசலிலோ கொல்லைப்புறத்திலோ வந்து நிற்கும் பூனைக்கு ஒரு தட்டில் உணவு வைப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அப்படி வைப்பது சரியா தவறா என்று வாதிடுவதற்காக நான் வரவில்லை. மனம் இரங்கியவர்கள் யார் தடுத்தாலும் வைக்கத்தான் போகிறார்கள். வைக்கத் தொடங்கிய பிறகு நம்மீது வந்து சேரும் பொறுப்புகளைப் பற்றியே பேச விரும்புகிறேன். நாம் தரும் உணவைவிட, அதை நம்பி அந்தப் பூனை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறதே, அந்த வருகையே முக்கியமானது என்பது என் கருத்து. எத்தனை பூனைகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கும், அவற்றின் நோயைக் கண்டுகொள்வதற்கும், கருத்தடை செய்வதற்காகப் பிடிப்பதற்கும் நமக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான்.

வெளியில் வாழும் பூனைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. யாரோ வளர்த்து, பிறகு கைவிட்டதாலோ வழி தவறியதாலோ தெருவுக்கு வந்தவை சில. தெருவிலேயே பிறந்து, மனிதக் கை படாமலே வளர்ந்தவை சில. முதல் வகைப் பூனை சில நாட்களிலேயே வாலை உயர்த்திக்கொண்டு வந்து, நம் முகத்தைப் பார்த்துக் கத்தும். அப்படி ஒன்று வந்தால், அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துவிட வேண்டும். இரண்டாம் வகைப் பூனை நம்மிடம் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. தட்டை வைத்துவிட்டு நாம் நன்றாக விலகிய பிறகே அது வரும். எந்த நொடியிலும் ஓடத் தயாராகப் பதுங்கி நின்று, ஒரு காதை நம் பக்கம் திருப்பி வைத்தபடியே சாப்பிடும். குட்டிகள் மனிதரோடு எளிதில் பழகும் பருவம் ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பருவத்தைத் தாண்டி வளர்ந்துவிட்ட பூனையை மடியில் வைத்துக் கொஞ்சியே தீர வேண்டும் என்று துரத்துவது, அன்பின் பெயரால் அதற்குச் செய்யும் துன்பமே ஆகும்.

உணவைப் பொறுத்தவரை, பூனை இறைச்சியை நம்பியே வாழும் உயிரினம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நேராமல் போகும். டாரின் என்னும் சத்தை அதன் உடலால் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது. அந்தச் சத்து நீண்ட காலம் கிடைக்காவிட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசையும் பலவீனமடையும். நாய்த் தீவனத்தைப் பூனைக்கு வழக்கமான உணவாக்கக் கூடாது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். பூனை என்றாலே பால் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். வெங்காயமும் பூண்டும் கலந்த மிச்ச உணவு அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு சிராய்களாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோகலோரி போதுமானது. அதை இரண்டு வேளையாகப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். இரவெல்லாம் கிடக்கும் மிச்சம் எலிகளையும், அவற்றுக்குப் பின்னால் அண்டைவீட்டாரின் கோபத்தையும் அழைத்து வரும். எறும்புத் தொல்லை இருந்தால், நீர் நிரப்பிய அகலமான தாம்பாளத்தின் நடுவில் உணவுத் தட்டை வைக்கலாம்.

அந்த அரை மணி நேரத்தை வீணாக்காமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். எந்தப் பூனை இன்று வரவில்லை, எது நொண்டுகிறது, எதன் ரோமம் சிலிர்த்துப் பொலிவிழந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு காட்சியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பசியோடு ஓடிவரும் பூனை தட்டுக்குள் முகத்தைக் குனிக்கும். ஒரு துண்டைக் கவ்வி மென்றவுடன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுக்கும். முன்னங்காலால் வாயோரத்தைத் தேய்த்துவிட்டு, மீண்டும் குனிந்து பார்த்து, சாப்பிடாமலே போய்விடும். இதைப் பார்ப்பவர்கள் உணவு பிடிக்கவில்லை என்று நினைத்து வேறொன்றை மாற்றி வைப்பார்கள். பெரும்பாலும் அது ஈறும் வாயின் உட்புறமும் புண்ணாகி வீங்கியதன் அடையாளம். அந்தப் பூனைக்குத் தேவைப்படுவது மருத்துவரே தவிர வேறு தீனி அல்ல. நோயென்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்து உணவில் கலந்துவிடாதீர்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடக்கூடும். நாய்களின் உண்ணிக்குப் பயன்படுத்தும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படிப்பட்டதே.

இனி கருத்தடைக்கு வருகிறேன். உணவளிப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படக்கூடியது. சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாட்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். நன்றாகச் சாப்பிடும் பூனை நன்றாகவே குட்டி போடும் என்பதால், கருத்தடை செய்யாமல் உணவை மட்டும் தொடர்ந்து கொடுப்பவர், பசியில் வாடும் குட்டிகளின் எண்ணிக்கையைத் தம்மை அறியாமலே பெருக்குகிறார். கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அவ்வாறு செய்த பூனையைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பதற்காக, மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சுமார் 1 சென்டிமீட்டர் அளவுக்கு நேராக நறுக்கிவிடுவார்கள். காதை அறுத்துவிட்டார்களே என்று பதறுபவர்கள், அந்த அடையாளம் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு பெட்டைப் பூனையின் வயிற்றை இரண்டாம் முறை கிழித்துப் பார்க்க நேரிடலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிடிப்பதற்கு அவசரம் ஆகாது. வழக்கமாக உணவு வைக்கும் இடத்தில் கூண்டை வைத்து, கதவு மூடாதபடி கட்டிவிட்டு, சில நாட்கள் அதற்குள்ளேயே உணவு வைத்துப் பழக்குங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் உணவை நிறுத்தினால் பூனை பசியோடு வந்து உள்ளே நுழையும். கதவு விழுந்ததும் கூண்டு முழுவதையும் துணியால் மூடிவிடுங்கள்; கம்பியில் மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டில் அடங்கிவிடும். பாவமாக இருக்கிறதே என்று கதவைத் திறந்து தடவிக்கொடுக்க நினைப்பவர் கடி வாங்குவார், பூனையையும் இழப்பார். தப்பி ஓடிய பூனை மறுபடி அந்தக் கூண்டுக்குள் எளிதில் கால் வைக்காது. பிடிபட்டது பால் கொடுக்கும் தாய் என்று மடியைப் பார்த்துத் தெரிந்தால், குட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதை அறியாமல் அதை நாள் கணக்கில் அடைத்து வைக்கக் கூடாது. ஒன்றிரண்டுக்கு மட்டும் கருத்தடை செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால் எண்ணிக்கை குறையாது. பெரும்பாலானவற்றுக்குச் செய்து, புதிதாக வந்து சேர்வதையும் விடாமல் பிடித்தால்தான் பலன் தெரியும்.

பூனையை நேசிப்பவர்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அமெரிக்காவில் மட்டும் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் வாழ்ந்த சிறிய பறக்காத பறவையினம் ஒன்று, 1890களில் அங்கே பூனைகள் வந்து சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் அழிந்துபோனது. ஆகவே பறவைகள் தரையில் கூடு கட்டும் புல்வெளி, சரணாலயத்தின் ஓரம், சிறு தீவு போன்ற இடங்களில் பூனைகளுக்கு உணவு வைத்துக் கூட்டத்தை நிலைக்கச் செய்வது கூடாது என்பதே என் நிலைப்பாடு. அங்கே இருப்பவற்றைப் பிடித்து, பழகக்கூடியவற்றுக்கு வீடு தேடுவதே முறை. தெருக்களிலும் வீட்டு வாசல்களிலும் நிலைமை வேறு. அங்கும் கூடு கட்டும் மரத்தடியில் தட்டை வைக்காதிருக்கலாம்.

தங்குமிடத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓரிரு பூனைகள் ஒடுங்கிப் படுக்கும் அளவுக்குச் சிறிய பெட்டியாக இருந்தால், அவற்றின் உடல் சூடே உள்ளிடத்தை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பெரிய கூடாரம் போலச் செய்தால் அந்தச் சூடு தங்காது. தெர்மோகோல் பெட்டியில் சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்தில் வழி வெட்டி, செங்கல்மேல் தூக்கி வைத்து, காற்றும் சாரலும் அடிக்காத பக்கம் வாயிலைத் திருப்பினால் போதும். உள்ளே பழந்துணியை விரிப்பதுதான் எல்லோரும் செய்வது. மழைக்குப் பின் அந்தத் துணியில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். ஈரம் சொட்டாவிட்டாலும் கை சில்லிடும், பூனையின் உடல் சூட்டையும் அது அப்படியேதான் உறிஞ்சும். வைக்கோல் ஈரத்தை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. பூனை அதற்குள் புதைந்து படுக்கவும் முடியும். வெயில் காலத்தில் இதே பெட்டி அடுப்பாகிவிடும் என்பதால், அதை நிழலுக்கு மாற்றி, எதிர்ப்புறத்திலும் ஒரு வழி திறந்துவிட வேண்டும்.

அண்டைவீட்டாரின் முறையீட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர்கள் தோட்டத்தில் பூனை மலம் கழிக்கிறது என்றால், நம் இடத்தின் ஒதுக்குப்புறத்தில் மணல் தொட்டி வைத்து நாள்தோறும் சுத்தம் செய்வது நம் கடமை. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி பூனையின் மலத்தில் வெளிவந்த பிறகு தொற்றக்கூடிய நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் அகற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கையுறை அணிந்து செய்யுங்கள். கருவுற்ற பெண்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடட்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்குவது. வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.

இறுதியாக, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அவரும் உங்களோடு வந்து நிற்கட்டும். ஒவ்வொரு பூனையின் நிறம், காது அடையாளம், வழக்கமாக வரும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புதியவரைக் கண்டு அவை முதல் இரண்டு வேளை வராமல் போனாலும், குறித்த நேரத்தில் தட்டை வைத்து, குறித்த நேரத்தில் எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.