சாவி யார் இடுப்பில் இருந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வளமான நாடுகளில் வறுமை நீடிக்கப் பெரிதும் காரணம் அந்நியச் சுரண்டலா, உள்நாட்டு ஆட்சியா என்பது தலைப்பு. ஆட்சிதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் ஆப்பிரிக்காவின் காங்கோவைச் சொல்லி அவையை உருக வைத்தார். நானும் கைதட்டினேன். பெல்ஜிய மன்னர் லியோபோல்டு அந்த நாட்டைச் சூறையாடினார், உண்மை. 1961இல் அந்நாட்டின் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டதில் பெல்ஜியத்துக்குப் பங்கு உண்டு, அதுவும் உண்மை. சரி, அப்புறம்? 1965 முதல் 1997 வரை அந்த நாட்டை ஆண்டது சர்வாதிகாரி மொபுட்டு. தன் பூர்வீக ஊரில், காட்டுக்கு நடுவே மாளிகை கட்டி, ஒலியை மிஞ்சும் கான்கார்டு விமானமே இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டார். அவருக்கு அமெரிக்கா முட்டுக்கொடுத்ததே என்பார்கள். கொடுத்தது. ஆனால் கல்லாப்பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தானே இருந்தது!

இப்போது அதே ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள போட்ஸ்வானாவுக்கு வாருங்கள். அதுவும் வெள்ளையர் ஆண்ட பூமிதான். 1966இல் விடுதலை பெற்றபோது தார்ச்சாலை என்று இருந்ததே சுமார் 12 கிலோமீட்டர். மறு வருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. தோண்ட வந்தது டி பியர்ஸ், அதுவும் வெளிநாட்டு நிறுவனம். முதல் அதிபர் செரெட்சே காமா, கனிம உரிமை எந்தக் குலத்துக்கும் இல்லை, அரசுக்கே என்று சட்டம் செய்தார். வைரம் கிடைத்ததோ அவருடைய சொந்தக் குலத்தின் நிலத்தில்! பிறகு நிறுவனத்தோடு மறுபடி பேரம் பேசி, சுரங்கத்தில் அரசின் பங்கைப் பாதியாக உயர்த்தினார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் சாலையும் வந்தன.

நைஜீரியாவில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. கச்சா எண்ணெயைக் கப்பலேற்றிவிட்டு, பல ஆண்டுகள் பெட்ரோலை வெளிநாட்டில் வாங்கியது அந்த நாடு. அரசின் சுத்திகரிப்பு ஆலைகள் பெயருக்கு நின்றன. நெல்லை விற்றுவிட்டுச் சோறு வாங்கிய கதை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நடுவரே. மக்களிடம் வரி வாங்கும் அரசு மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். மண்ணுக்கடியிலிருந்தே பணம் வந்துவிட்டால் மக்கள் எதற்கு? கேள்வி கேட்பவன் தொல்லை ஆகிவிடுகிறான். அதனால்தான் சுரங்க ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் ஊரறிய வெளியிடு என்கிறோம். விலை ஏறும்போது ஒரு பகுதியை, எண்ணெய் வருமானத்தைச் சேமிக்கும் நார்வே மாதிரி, தனி நிதியில் போட்டு வை. மூலப்பொருளை முடிந்தவரை உள்நாட்டிலேயே பக்குவப்படுத்து. இதற்கெல்லாம் எந்த வல்லரசிடம் அனுமதி வாங்க வேண்டும்?

போட்ஸ்வானாவில் மட்டும் ஏற்றத்தாழ்வும் வேலையின்மையும் இல்லையா என்று எதிரணி கேட்கும். இருக்கின்றன. வைர விற்பனை படுத்தால் நாடே ஆட்டம் காண்கிறது. ஒரே சரக்கை நம்பிய முடிவும் உள்ளே எடுத்ததுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். காங்கோ, போட்ஸ்வானா இரண்டுக்கும் வந்தவன் அந்நியன்தான். ஒரு நாட்டில் மட்டும் ஏன் பாதிப் பங்கைக் கொடுத்தான்? அடுத்து வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.